புல்லைப் பார்த்து வாங்குங்கள்: தெற்கு டகோட்டாவில் ஒரு பிரெய்ரி ராஞ்ச்

அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் ராஞ்ச், அதாவது மேய்ச்சல் பண்ணை, விற்பனை விளம்பரம் எதை எடுத்தாலும் முதல் படம் வீடாகத்தான் இருக்கும். மர உத்திரம் தெரியும் கூடம், கல் அடுப்பு, சுவரில் மான் தலை. பத்தாவது படத்துக்கு மேல்தான் நிலம் வரும். அந்தப் படங்களைக் கடைசியிலிருந்து பாருங்கள். வேட்டை, விருந்தாளிகள், அமைதி என்று நாம் தேடிப் போகும் மூன்றும் அங்கே புல்லிலிருந்துதான் வருகின்றன. வீடு சரியில்லை என்றால் இடித்துக் கட்டிக்கொள்ளலாம். ஒருமுறை உழுதுவிட்ட பிரெய்ரியை, அதாவது இயற்கைப் புல்வெளியை, நம் ஆயுளில் பழையபடி ஆக்க முடியாது.

நான் சூ ஃபால்ஸ் நகரத்தில் வேலை பார்க்கிறேன். இரண்டு நண்பர் குடும்பங்களோடு சேர்ந்து, மூன்று வருடம் தேடி, மிசூரி ஆற்றுக்கு மேற்கே 320 ஏக்கர் வாங்கினோம். இப்போது மினியாபோலிஸ், ஒமாஹா, சிகாகோ பக்கமிருந்து நம்மவர்கள் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் சொல்வதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு வருடம் விருந்தாளியாக இருங்கள்

அக்டோபரில் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்காதீர்கள். அக்டோபரில் எல்லா ராஞ்சும் அழகாகத்தான் இருக்கும். ஏப்ரலில் போங்கள், ஜூலை வெயிலில் போங்கள், முக்கியமாக ஜனவரியில் போங்கள். குளிர் மைனஸ் 30 டிகிரி வரை இறங்கும். காற்றைத் தடுக்க ஒரு மரம்கூட இருக்காது. அந்தக் காற்று உங்களுக்கு ஒத்துவருகிறதா என்று உடம்பைத்தான் கேட்க வேண்டும்.

ஏப்ரல் பயணத்துக்கு, தலைநகர் பியருக்குத் தெற்கே இருக்கும் ஃபோர்ட் பியர் தேசியப் புல்வெளியைச் சொல்வேன். ஒரு லட்சம் ஏக்கருக்கும் மேல் பொதுநிலம். விடியலுக்கு முக்கால் மணி நேரம் முன்பே மறைவுக் கூடாரத்துக்குள் போய் உட்கார்ந்துவிட வேண்டும். முதலில் எதுவும் தெரியாது. பிறகு காலி பாட்டிலின் வாயில் ஊதுவதுபோல ஒரு ஒலி தரையோடு வரும். வெளிச்சம் வந்ததும் பார்த்தால் இருபது தப்படி தள்ளி புல்வெளிக் கோழிச் சேவல்கள், கழுத்தின் இரு பக்கமும் ஆரஞ்சுப் பழம் போலப் பைகளை உப்பவைத்து, கால்களைப் படபடவென்று அடித்துக்கொண்டு நிற்கும். பக்கத்து மேட்டில் கூர்வால் குரௌஸ்கள் இறக்கையை விரித்து, தலையைத் தாழ்த்தி, சாவி கொடுத்த பொம்மை மாதிரி சுற்றும், சட்டென்று எல்லாம் ஒரே நேரத்தில் நிற்கும், மறுபடி சுற்றும். இந்த ஆடுகளத்தை லெக் என்பார்கள். வருடா வருடம் பெரும்பாலும் அதே மேட்டுக்குத்தான் வரும். வாங்கப்போகும் நிலத்தில் ஒரு லெக் இருந்தால், அங்கே புல் நன்றாக இருக்கிறது என்று பறவைகளே சொல்வதாக எடுத்துக்கொள்ளலாம்.

ஆற்றுக்கு எந்தப் பக்கம்?

மிசூரி ஆறு மாநிலத்தை இரண்டாகப் பிளக்கிறது. உள்ளூரில் யாரைக் கேட்டாலும் ‘ஈஸ்ட் ரிவர்’, ‘வெஸ்ட் ரிவர்’ என்றுதான் பேசுவார்கள். கிழக்கே மழை அதிகம், மக்காச்சோளமும் சோயாவும் விளையும், பனிப்பாறைகள் விட்டுப்போன ஆயிரக்கணக்கான குட்டைகள் உண்டு. வாத்தும், ஃபெசன்ட் என்ற கோழியினப் பறவையும் வேண்டும் என்றால் அந்தப் பக்கம். மேற்கே மழை குறைவு, மாடும் புல்லும்தான், மியூல் மானும் குரௌஸும் உண்டு, ஏக்கர் விலை பொதுவாகக் குறைவு. ஃபெசன்ட் ஆற்றை ஒட்டிய மேற்குக் கவுண்டிகளிலும் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) உண்டு. மூன்று ஆசையும் சேர்ந்து இருப்பவர்களுக்கு ஆற்றின் இரு கரையையும் ஒட்டிய நடுப்பகுதிதான் சரி. தனிமை மட்டும் போதும் என்றால் இன்னும் மேற்கே போகலாம். ஆனால் அங்கே ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். ஆம்புலன்ஸ் ஓட்டுபவர்கள் தன்னார்வலர்களாக இருப்பார்கள், அவர்களும் ஏதோ ஒரு வயலில் இருந்துதான் கிளம்பி வர வேண்டும்.

காகிதம்: இங்கேதான் நேரம் செலவிட வேண்டும்

ஊரில் நிலம் வாங்கினால் வில்லங்கச் சான்று பார்ப்போம் இல்லையா, இங்கேயும் அதே வேலைதான். வில்லங்கத்தின் பெயர்கள்தான் வேறு.

நிலம் செக்ஷன் கணக்கில் இருக்கும். ஒரு செக்ஷன் என்பது ஒரு சதுர மைல், 640 ஏக்கர். அதில் கால் பங்கு 160 ஏக்கர். 1862 ஹோம்ஸ்டெட் சட்டத்தில் ஒரு குடும்பத்துக்குக் கொடுத்த அளவு அதுதான். இந்த மாநிலத்தில் ஒவ்வொரு செக்ஷன் எல்லைக் கோடும் சட்டப்படி 66 அடி அகலப் பொதுவழி. அங்கே ரோடு போட்டிருக்க வேண்டும் என்று அவசியமில்லை. வெறும் புல்லாகவே கிடந்தாலும் அது பொதுவழிதான், முறைப்படி ரத்து செய்யப்பட்டிருந்தால் ஒழிய. அதில் யாரும் நடக்கலாம், பெரும்பாலான இடங்களில் வேட்டையும் ஆடலாம். குடியிருக்கும் வீட்டிலிருந்தும் கால்நடையிலிருந்தும் 660 அடி தள்ளி நிற்க வேண்டும். ‘தனிமை’ என்று விளம்பரம் செய்த நிலத்தின் நடுவே இப்படி ஒரு கோடு போனால், வேட்டைக் காலத்தின் முதல் சனிக்கிழமை உங்கள் ஜன்னலுக்கு எதிரே வேட்டைக்காரர்களின் ஆரஞ்சுத் தொப்பிகள் வரிசையாகப் போகும். தவறு அவர்களுடையது அல்ல. ஆகவே நிலத்தின் நடுவே எத்தனை செக்ஷன் கோடு போகிறது என்று வரைபடத்தில் விரல் வைத்து எண்ணுங்கள்.

அடுத்து, விளம்பரத்தில் சொல்லும் ஏக்கரில் எவ்வளவு பட்டா நிலம், எவ்வளவு குத்தகை என்று பிரித்துக் கேளுங்கள். மேற்குப் பக்கம் 5,000 ஏக்கர் ராஞ்ச் என்றால் அதில் பாதி மத்திய அரசின் மேய்ச்சல் அனுமதியாகவோ, மாநிலப் பள்ளி நிலக் குத்தகையாகவோ இருக்கலாம். குத்தகை தப்பான விஷயம் இல்லை. ஆனால் அந்தப் பொதுநிலத்துக்குப் பொதுவாக மற்றவர்களும் வேட்டைக்கு வர முடியும், அதில் நீங்கள் விடுதி கட்ட முடியாது.

மூன்றாவது, நிரந்தர ஒப்பந்தங்கள். மத்திய மீன் வனவிலங்கு சேவை பல நில உரிமையாளர்களிடம் பணம் கொடுத்து ‘கிராஸ்லேண்ட் ஈஸ்மென்ட்’, ‘வெட்லேண்ட் ஈஸ்மென்ட்’ என்று எழுதி வாங்கியிருக்கிறது. இவை விற்றவருக்கும் வாங்கியவருக்கும் அவர்கள் பேரனுக்கும் பொருந்தும். முதலாவது இருந்தால் அந்தப் புல்லை உழக்கூடாது, ஜூலை 15-க்கு முன் வைக்கோலுக்காக அறுக்கவும் கூடாது. இரண்டாவது இருந்தால் குட்டையை வடிக்கவோ, மேடாக்கவோ, எரிக்கவோ கூடாது. பல வாங்குபவர்கள் இதைக் கேட்டதும் பயந்து ஓடுகிறார்கள். நமக்கு இது நல்ல செய்தி. வேட்டைக்கும் அமைதிக்கும் நிலம் தேடுபவருக்கு, அதை யாரும் உழ முடியாது என்பதைவிட என்ன வேண்டும்? மேய்க்கத் தடையில்லை. வீடு கட்டும் இடம் மட்டும் ஒப்பந்தத்துக்கு வெளியே இருக்கிறதா என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

சி.ஆர்.பி. ஒப்பந்தமும் உண்டு. 1985-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம். பயிர் வைக்காமல் புல்லாக விட்டால் 10 முதல் 15 வருடம் வரை வாடகை தருவார்கள். ஃபெசன்டுக்கு இதைவிட நல்ல கூடு கிடையாது. ஆனால் வாங்கியவுடன் ஒப்பந்தத்தை உங்கள் பெயருக்கு மாற்றி ஏற்றுக்கொள்ளாவிட்டால், அதுவரை கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள். யார் பொறுப்பு என்பதைக் கிரயப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். இதோடு நிலத்தடிக் கனிம உரிமை யாரிடம் இருக்கிறது, காற்றாலைக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா, மேய்ச்சல் குத்தகை யாருக்கு ஓடுகிறது என்பதையும் கவுண்டிப் பதிவு அலுவலகத்தில் பார்க்க வேண்டும்.

விசாவில் இருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். கிரீன் கார்டோ குடியுரிமையோ இல்லாதவர் அமெரிக்காவில் விவசாய நிலம் வாங்கினால், 1978-ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் விவசாயத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தவறினால் அபராதம் நிலத்தின் மதிப்பில் 25 சதவீதம் வரை போகலாம். எச்-1பி விசாக்காரர்களுக்கும் இது பொருந்தும். நாட்டில் குடியிருக்காத வெளிநாட்டவர் தெற்கு டகோட்டாவில் 160 ஏக்கருக்கு மேல் விவசாய நிலம் வாங்கவும் முடியாது. ஊரில் இருக்கும் அப்பா பெயரில் வாங்கலாமா என்று கேட்பவர்கள் இதை மனதில் வையுங்கள். நண்பர்கள் சேர்ந்து கம்பெனி வைத்து வாங்குவதற்கும் 1974-ஆம் ஆண்டுக் குடும்பப் பண்ணைச் சட்டம் குறுக்கே வரும். அந்த மாநில வழக்கறிஞர் ஒருவருக்குச் செலவழிக்கும் காசு வீணாகாது.

புல்லை நடந்து பாருங்கள்

வண்டியை விட்டு இறங்கி, வேலியிலிருந்து வேலி வரை நடக்க வேண்டும். ஒரே நிறத்தில், ஒரே உயரத்தில் பச்சைக் கம்பளம் போல இருந்தால் அது பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த ஸ்மூத் புரோம் அல்லது கென்டக்கி நீலப்புல். பார்க்க அழகு, உள்ளே உயிர் குறைவு. நல்ல பழைய பிரெய்ரி குத்துக் குத்தாக இருக்கும். மேட்டில் குட்டைப் புல், சரிவில் செம்பழுப்பான லிட்டில் புளூஸ்டெம், ஈரமான இடத்தில் இடுப்புயர பிக் புளூஸ்டெம், இடையிடையே பூச்செடிகள். குத்துகளின் நடுவே கையை விட்டுப் பாருங்கள். போன வருடத்துச் சருகு கையில் தட்டுப்பட வேண்டும். மண் வெறுமனே தெரிந்தால் அதிகமாக மேய்த்திருக்கிறார்கள். பாதியை மேயவிட்டுப் பாதியை விடு என்பது அங்கே பழைய கணக்கு.

லீஃபி ஸ்பர்ஜ் என்ற மஞ்சள்பூக் களை இருக்கிறதா என்று ஜூன் மாதத்தில் பாருங்கள். உடைத்தால் பால் வரும். அதைக் கட்டுப்படுத்துவது நில உரிமையாளரின் சட்டக் கடமை. ஆற்றங்கரைச் சரிவுகளில் சீடர் மரம் பரவுகிறதா என்றும் பாருங்கள். மரம் என்றால் நல்லதுதானே என்று தோன்றும். புல்வெளிப் பறவைகளுக்கு அது எதிரி. பழைய வீட்டுமனைகளைச் சுற்றி வரிசையாக நிற்கும் காற்றுத்தடுப்பு மரங்களின் கதை வேறு. 1934 முதல் 1942 வரை, புழுதிப் புயல் காலத்தில், வடக்கு டகோட்டா தொடங்கி டெக்சஸ் வரை 20 கோடிக்கும் மேற்பட்ட மரங்களை அரசு நட்டது. அந்த வரிசைகளும் சம்பங்கோரை மண்டிய குட்டைகளும்தான் ஃபெசன்டைக் குளிர்காலத்தில் காப்பாற்றுகின்றன. ஒரு நிலத்தில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் விடாதீர்கள்.

அப்புறம், மாட்டை வெளியேற்றாதீர்கள். வேட்டைக்கும் அமைதிக்கும் மாடு இடைஞ்சல் என்று புதிதாக வருபவர்கள் நினைக்கிறார்கள். நாங்களும் நினைத்தோம். மேயாத புல் நாலைந்து வருடத்தில் சருகு மூடி மூச்சுத் திணறும், புரோம் உள்ளே நுழையும், தீப்பிடித்தால் நிற்காது. ஒரு பசு நாளைக்குச் சுமார் 12 கிலோ காய்ந்த புல் தின்னும். அந்தக் கணக்கில், வறட்சி வருடத்தில் மாட்டைக் குறைப்பது என்ற நிபந்தனையோடு, பக்கத்து ராஞ்ச்காரருக்கே குத்தகைக்குக் கொடுங்கள். வேலியையும் அவர் பார்த்துக்கொள்வார். நிலவரி விளைச்சல் திறன் கணக்கில் வருவதும் நிலம் விவசாயப் பயன்பாட்டில் இருக்கும் வரைக்கும்தான்.

தண்ணீர், பாதை

மேற்கில் கிணற்று நீர் பல இடங்களில் உப்பும் சல்பேட்டுமாக இருக்கும். மாட்டுக்கே ஆகாத அளவுக்கும் போகும். ஊரகக் குடிநீர்க் குழாய் நிலத்தின் எல்லை வரை வந்திருக்கிறதா, புதிய இணைப்பு கொடுப்பார்களா என்று முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மழைநீர் தேங்கும் அணைக்குட்டைகளின் கரை உடைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பாதையைப் பற்றிப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அங்கே கம்போ என்றொரு களிமண் உண்டு, நம் கரிசல் மாதிரி. காய்ந்தால் வெடிப்பு, நனைந்தால் பசை. மே மாதம் ஒரு மழைக்குப் பிறகு, செல்பேசி காட்டிய வழியை நம்பி ஒரு மண்பாதையில் திரும்பினேன். இருநூறு அடி போவதற்குள் சக்கரக் குழிக்குள் மண் அப்பி, சக்கரம் சுற்றவே இல்லை. இறங்கினால் ஒவ்வொரு காலிலும் ஒரு தோசைக்கல் கட்டியதுபோல் கனம். ஒரு மணி நேரம் கழித்து டிராக்டரோடு வந்தார் ஒரு பெரியவர். இழுத்துப் போட்டுவிட்டு, பணத்தை நீட்டியதும் தலையை ஆட்டி மறுத்தார். “மழை பெய்தால் ரெண்டு நாள் வீட்டிலேயே இரு. அப்புறம், கேட் திறந்திருந்தால் திறந்தபடி விடு, மூடியிருந்தால் மூடியபடி விடு,” என்று மட்டும் சொன்னார். இன்று எங்கள் நிலத்தில் மேய்வது அவருடைய மாடுகள்தான்.

ஆகவே, வீட்டு வாசல் வரை சரளை போட்ட பாதை இருக்கிறதா, குளிர்காலத்தில் யார் பனியைத் தள்ளுகிறார்கள் என்று கேளுங்கள். இணையம் பற்றிப் பெரிய கவலை வேண்டாம். பல இடங்களில் ஊரகக் கூட்டுறவுச் சங்கங்கள் ஃபைபர் இழுத்திருக்கின்றன.

வேட்டை

ஃபெசன்ட் ஆசியப் பறவை. 1908-ல் ஸ்பிங்க் கவுண்டியில் கொண்டுவந்து விட்டார்கள். 1919-ல் அதே கவுண்டியில் முதல் வேட்டை நாள். 1943-ல் மாநிலப் பறவையாகவே ஆகிவிட்டது. காலம் அக்டோபர் மூன்றாவது சனிக்கிழமை தொடங்கி ஜனவரி 31 வரை. காலை 10 மணிக்கு முன் சுடக்கூடாது, ஆளுக்கு நாளைக்கு மூன்று சேவல், பெட்டையைத் தொடக்கூடாது. வெளிமாநிலத்தவருக்கு உரிமம் ஐந்து ஐந்து நாளாக இரண்டு தவணை. கொண்டுபோகும்போது சேவல் என்று காட்ட தலையையோ காலையோ இறகோடு கூடிய சிறகையோ விட்டுவைக்க வேண்டும். கறியில் கொழுப்பு கிடையாது. தொடையை நாட்டுக்கோழி போல நிதானமாக வேகவையுங்கள், மார்புக்கறியை நிமிடங்களில் இறக்கிவிடுங்கள்.

மான் விஷயம் வேறு. நிலம் உங்களுடையது, மான் மாநிலத்துடையது. துப்பாக்கியால் மான் வேட்டையாடுவதற்கான உரிமம் பெரும்பாலும் குலுக்கலில்தான் வரும். நிலம் வாங்கினால் மானும் சேர்ந்து வரும் என்று எந்தத் தரகர் சொன்னாலும் கேட்காதீர்கள். பழங்குடி ஒதுக்கீட்டுப் பகுதிகளுக்குள் இருக்கும் பழங்குடி நிலத்தில் அவர்களுடைய உரிமம் வேண்டும். இந்த மண் லகோட்டா, டகோட்டா மக்களுடையதாக இருந்தது என்பதை மறக்காமல் அந்த விதிகளுக்கு மரியாதை கொடுங்கள்.

குடியேறாத விசாவில் இருப்பவர் அமெரிக்காவில் துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம். முறையான வேட்டை உரிமம் வைத்திருப்பவர்களுக்கு விதிவிலக்கு உண்டு. ஆகவே விசா விருந்தாளி வந்தால், உரிமம் கையில் வந்த பிறகுதான் துப்பாக்கியைத் தொட வேண்டும், ‘சும்மா பிடித்துப் பார்க்கிறேன்’ என்பதற்குக்கூட.

விருந்தாளிகள்

வீட்டை முழுதாக, வருடத்தில் 14 நாளுக்கு மேல் நாள் வாடகைக்கோ வார வாடகைக்கோ விட்டால், ‘வெகேஷன் ஹோம்’ என்று மாநில சுகாதாரத் துறையில் உரிமம் எடுக்க வேண்டும். விற்பனை வரியும் சுற்றுலா வரியும் கட்ட வேண்டும். இலவசமாக வேட்டைக்கு விட்டால் நில உரிமையாளருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. காசு வாங்கினால் அது பெரும்பாலும் போய்விடும், காப்பீடு கட்டாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண வீட்டுக் காப்பீடு போதாது.

வேட்டைக்காரர்களுக்குச் சொகுசு அறை வேண்டாம். நாய் கட்ட வெதுவெதுப்பான கொட்டகை, பறவை சுத்தம் செய்ய வடிகாலோடு ஒரு மேடை, பெரிய ஃப்ரீசர், சேற்றுப் பூட்ஸ் கழற்ற இடம், ஐந்து பேர் அடுத்தடுத்துக் குளித்தாலும் தீராத வெந்நீர். அமைதிக்கு வருபவர்களை வேட்டை வாரங்களில் அழைக்காதீர்கள். அவர்களுக்கு ஏப்ரலும் ஜூனும் செப்டம்பர் தொடக்கமும் போதும். மெடோலார்க் பறவையின் பாட்டும், இரவில் விளக்கொளி கலக்காத வானமும் அப்போது கிடைக்கும். மேற்கில் பிரெய்ரி ராட்டில்ஸ்நேக் என்ற பாம்பு உண்டு, அதாவது வாலில் கிலுகிலுப்பை ஆட்டும் விரியன் வகை. மாநிலத்தின் ஒரே விஷப்பாம்பு அதுதான். குழந்தைகளுக்குப் படம் காட்டி, கணுக்கால் மூடும் செருப்பைப் போடச் சொல்லுங்கள். கோடையில் காய்ந்த புல்மேல் காரை நிறுத்த விடவே விடாதீர்கள், அடியில் சூடான புகைக்குழாய் பட்டால் போதும். உள்ளூர்த் தன்னார்வத் தீயணைப்புக் குழுவின் எண்ணைச் சமையலறைக் கதவில் ஒட்டி வையுங்கள், அவர்களுடைய நன்கொடை விருந்துக்கும் போய் வாருங்கள்.

முதல் வருடம்

எதையும் கட்டாதீர்கள். பனி எங்கே குவிகிறது, தண்ணீர் எங்கே நிற்கிறது, மான் எந்த வேலியைத் தாண்டுகிறது என்று பாருங்கள். 2013 அக்டோபர் தொடக்கத்தில், இன்னும் கோடை மேய்ச்சல் நிலத்தில் இருந்த மாடுகள்மேல் ஒரு பனிப்புயல் அடித்து மேற்குப் பக்கம் ஆயிரக்கணக்கில் செத்துப்போயின. அதைப் பற்றி அண்டை வீட்டாரிடம் கேளுங்கள். எந்தப் பள்ளம் ஒதுங்கும் இடம், எது பொறி என்று அவர்களுக்குத்தான் தெரியும். நிலத்தில் நாலு இடத்தில் இரும்புக் கம்பி நட்டு, ஒவ்வொரு ஜூலையும் அதே கம்பியருகே நின்று, அதே திசையில் புல்லைப் படம் எடுத்து வையுங்கள். குத்தகையை நிறுத்தவோ மாற்றவோ நினைத்தால், எழுத்து மூலமான அறிவிப்பைச் செப்டம்பர் 1-க்குள் கொடுத்துவிடுங்கள்.